மஞ்சள் தண்ணீரில் நின்ற கார்

அந்தக் காரைப் பார்த்த முதல் நாளே புஷ்பவள்ளிக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டவர்களிடம் நிறம் சரியில்லை என்றாள். உண்மையான காரணம், இடப்பக்க முன் இருக்கையின் அடியில் அவள் கண்டெடுத்த ஒரு கொண்டை ஊசி.

மலேசியாவில் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். வாழ்க்கைப்பட்டதும் அதே தோட்டத்தில்தான். பள்ளிக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறிக் கிளறி வலது தோள் இறங்கிப்போன பெண். கணவன் வீரமுத்து எண்ணெய் ஆலையில் போர்மேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் சிரித்துப் பேசிய நாட்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அதை ஒரு குறையாக அவள் நினைத்ததும் இல்லை. ஆண்கள் அப்படித்தான் என்று நம்பியிருந்தாள். கார் வரும்வரை.

மகள் யுகேஸ்வரி கல்யாணமாகிச் சிரம்பானுக்குப் போன பிறகு, போய்வர வசதியாக இருக்கட்டும் என்று வீரமுத்து ஒரு பழைய செடான் காரை வாங்கினான். பெரியதும் இல்லாமல் சின்னதும் இல்லாமல் நடுத்தரமான ஜப்பான் கார். விற்றவர் சிரம்பானில் இருக்கும் கமலாதேவி, ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்தக் காலத்தில் கிராணி என்ற தோட்டக் கணக்கர் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். நரைத்தும் அடர்த்தி குறையாத கூந்தல், தணிந்த பேச்சு. சாவியைக் கொடுக்கும்போது அவர் வீரமுத்துவிடம், ஏதும் கரைச்சல் என்றால் போன் அடியுங்கோ என்றார். அந்தச் சொல்லைப் புஷ்பவள்ளி மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

கரைச்சலுக்குக் குறைவே இல்லை. விடிகாலையில் எடுத்தால் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது, யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல் கார் உதறியது. பெட்ரோல் முள் கால் பங்கு காட்டினால் டாங்கி காலி என்று அர்த்தம். பின்பெட்டி சாவிக்கு மட்டும் திறக்காது. சாவியைத் திருப்பிக்கொண்டே முழங்காலால் ஓர் இடி இடிக்க வேண்டும். ஏசி போட்டுச் சிக்னலில் நின்றால் இஞ்சின் காய்ச்சல்காரனைப்போல் நடுங்கும்.

ஒவ்வொன்றுக்கும் வீரமுத்து டீச்சருக்குப் போன் போட்டான். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று சொல்லிச் செம்பனை மரத்தடிக்குப் போய்விடுவான். சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் புஷ்பவள்ளி பார்த்துக்கொண்டிருப்பாள். பானெட்டைத் திறந்து வைத்து, போனை இஞ்சின் பக்கம் நீட்டி, பிறகு காதில் வைத்து அவன் சிரிப்பான். அவளுக்குத் தெரியாத சிரிப்பு அது. ஒருமுறை செம்பனை எலி வயரைக் கடித்துவிட்டது. சிரம்பான் டீச்சருக்குத் தோட்டத்து எலியைப் பற்றி என்ன தெரியும்? அதையும் அவன் கையை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் விளக்கினான்.

சாப்பிட உட்கார்ந்தால் டீச்சர்தான். கியர் எண்ணெயைக் கண்ட கடையிலும் மாற்றக்கூடாதாம், டீச்சர் சொன்னார். கார் தயாரித்தவனின் எண்ணெயையே ஊற்ற வேண்டுமாம், டீச்சர் சொன்னார். புஷ்பவள்ளி சம்பாலில் உப்பைக் கூட்டினாள். அதையும் அவன் கவனிக்கவில்லை.

ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"காரு ரிப்பேரா, இல்ல டீச்சரு குரலக் கேக்கலன்னா ஒங்களுக்கு ரிப்பேரா?"

வீரமுத்துவின் முகம் கறுத்தது. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தான். யுகேஸ்வரி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளைக்காரி மகள்மீது சத்தியமாக அந்த நம்பரை இனித் தொடமாட்டேன் என்று சொல்லிக் கையைக் கழுவினான்.

சத்தியத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் பொறாமைக்குச் சத்தியம் போதவில்லை. காரில் ஏறும்போதெல்லாம் அந்தப் பெண்மணியின் மடியில் உட்காருவதுபோல் புஷ்பவள்ளிக்குக் கூசியது. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் காலி செய்த வீட்டுக்கு இன்னொருவர் குடிபோனால், முதலில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகத் தரையைக் கழுவுவார்கள். முன்பு இருந்தவர்களின் நிழல் வாசல் வழியே போய்விட வேண்டும். வீட்டுக்குச் செய்வதைக் காருக்குச் செய்தால் என்ன?

மகளுக்கு வளைகாப்பு நாள் விடிந்தது. வீரமுத்து குளிக்கப் போனதும் அவள் வாளியில் மஞ்சளைக் கரைத்து வேப்பிலையைப் போட்டாள். இருக்கைகளில் தெளித்தாள், சக்கரங்களில் ஊற்றினாள். மனது நிறையவில்லை. நிழல் எங்கே ஒளிந்திருக்கும்? அவன் எப்போதும் போனை நீட்டுகிற இடத்தில்தானே. பானெட்டைத் தூக்கி, மீதி இருந்த முக்கால் வாளியையும் இஞ்சின்மீது கவிழ்த்தாள். அப்போது அவளுக்குக் கிடைத்த நிம்மதி, திருவிழாவில் பால்குடம் இறக்கியபோதுகூடக் கிடைத்ததில்லை.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே கார் இருமியது. தோட்டத்துச் செம்மண் பாதையைத் தாண்டுவதற்குள் நொண்டி நொண்டி, பிரதான சாலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றேவிட்டது. பட்டுப்புடவையும் மடியில் வளையல் தட்டுமாகப் புஷ்பவள்ளி உறைந்துபோனாள். அங்கே சிரம்பானில், அம்மா வந்து முதல் வளையலைப் போடட்டும் என்று மகள் மணையில் காத்திருப்பாள்.

வீரமுத்து இறங்கிப் பானெட்டைத் திறந்தான். இஞ்சின் முழுக்க மஞ்சள் திட்டு. நடுவில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை எடுத்துப் பார்த்தான். அவளையும் பார்த்தான். திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள். அவனோ பட்டறைக்காரனுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. பிறகு கைப்பேசியை அவளிடம் நீட்டினான்.

"நான் சத்தியம் பண்ணிட்டேன். அதுவும் இன்னிக்கு, அவ வளைகாப்பு நாள்ல, மீற மாட்டேன். இந்தக் காரப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான். நீ பேசு."

அவன் தள்ளிப் போய்ச் செம்பனை மட்டை அடுக்கின்மீது உட்கார்ந்துகொண்டான்.

அவள் டீச்சரின் நம்பரை அழுத்தினாள். எத்தனை நாள் மனதுக்குள் பேசிப் பார்த்த சண்டை! இரண்டாவது மணியிலேயே அந்தத் தணிந்த குரல் வந்தது.

"ஓம் வீரமுத்து, சொல்லுங்கோ."

அந்த 'ஓம்' அவள் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. "அவரு இல்ல. அவரு வீட்டுக்காரி பேசுறேன்" என்றாள். சேர்த்து வைத்த வசவெல்லாம் உள்ளேயே நிற்க, வாயில் வந்தது வேறு. "காரு நின்னுபோச்சு டீச்சர். நான்தான் இஞ்சின்ல மஞ்சத் தண்ணி ஊத்திட்டேன்."

"இஞ்சினிலயோ? ஏனம்மா?"

"குடி மாறி வந்தா வீட்டக் கழுவுவோம்ல. முன்னாடி இருந்தவங்க நெழலு போவட்டும்னு."

கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் என்றே புஷ்பவள்ளி நினைத்தாள். பிறகு குரல் வந்தது. அதில் பழைய அமைதி இல்லை.

"எனக்குக் கார் ஓடவே தெரியாது, புஷ்பவள்ளி. என்ர மனுசன்தான் ஓடினவர். நான் பக்கத்துச் சீட்டில இருந்து அவர் புறுபுறுக்கிறதைக் கேட்டுக்கொண்டு போறனான். சிக்னலில கார் நடுங்கினால், நீ ஏறினபடியால்தான் நடுங்குது எண்டு என்னைப் பகிடி பண்ணுவார். அந்தக் காரின்ர குணமெல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியும்." மூச்சு ஒன்று உடைந்தது. "கழுவின தண்ணியோட அவரும் போயிட்டாரோ?"

கார் வாங்கப் போன அன்று டீச்சர் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்றைப் புஷ்பவள்ளி பார்த்திருந்தாள். சிவசுப்பிரமணியம் என்று பெயர்கூட எழுதியிருந்தது. பார்த்தாளே தவிர, நினைக்கவில்லை. அவள் கண் முழுக்க டீச்சரின் கூந்தலில்தான் இருந்தது.

டீச்சர் தொடர்ந்து பேசினார். வீரமுத்து போன் போட்டால் பின்னால் அந்தக் காரின் சத்தம் கேட்குமாம். அதற்காகவே எடுப்பாராம். வீரமுத்து சொல்கிற வேடிக்கைக்கு அவரும் சிரித்து வைப்பாராம். போனை வைத்த பிறகு அழுகை வருமாம்.

"ஒண்டு சொல்லட்டோ? அந்தச் சீட்டில இப்ப நீங்கள் இருக்கிறீங்கள். பக்கத்தில உங்கட மனுசன் இருக்கிறார். எனக்கு உங்களில எரிச்சல்தான் அம்மா. மறைக்கேல்லை."

கேண்டீன்காரி புஷ்பவள்ளியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள்! பிறந்ததிலிருந்து அவள்தான் பிறரைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். அடுத்த வீட்டுச் சங்கிலியைப் பார்த்து, அக்காவின் சிவந்த நிறத்தைப் பார்த்து, கிராணி வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பார்த்து. செம்மண் சாலை ஓரத்தில் நின்று அவள் விம்மி விம்மி அழுதாள். வீரமுத்து பதறி ஓடிவந்தான். அவள் கையை ஆட்டி அவனை நிறுத்தினாள்.

பிறகு டீச்சர் சொல்லச் சொல்ல, அவள் அவனுக்குச் சொன்னாள். இஞ்சின் மேல்மூடியைக் கழற்று. வரிசையாக இருக்கிற தீப்பொறிக் காயில்களை உருவு. அடியில் இருக்கும் குழிகளில் தண்ணீர் நிற்கும், துணியால் ஒற்றி எடு. ஒருமுறை வெள்ளத்தில் நின்றபோது சிவசுப்பிரமணியம் செய்த வைத்தியமாம். புஷ்பவள்ளி தன் பட்டுப்புடவை முந்தானையையே கொடுத்தாள். அது மஞ்சளும் கரியுமாகத் திரும்பி வந்தது. வெயில் ஏறும்வரை பானெட்டைத் திறந்து வைத்துக் காயவிட்டார்கள்.

வீரமுத்து சாவியைத் திருப்பினான். இரண்டு முறை முக்கி, மூன்றாம் முறை இஞ்சின் பிடித்துக்கொண்டது. புஷ்பவள்ளி மீண்டும் டீச்சருக்குப் போன் போட்டுக் கைப்பேசியை இஞ்சினருகே நீட்டினாள். நெடுநேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"இருக்காரு டீச்சர். போவல."

சிரம்பான் சாலையில் கார் வேகமெடுத்தது. வளைகாப்புக்கு நேரமாகிவிட்டதே என்ற கவலை வீரமுத்துவுக்கு. புஷ்பவள்ளிக்கு வேறு கவலை. சத்தியம் சத்தியம்தான், அதில் மாற்றமில்லை, இனிமேல் காருக்கு எது வந்தாலும் தானே டீச்சரிடம் பேசுவதாக முதலில் அறிவித்தாள். அவன் தலையாட்டினான். கொஞ்சதூரம் போன பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் செத்துட்டா, இந்தக் காரு சத்தத்தக் கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணுமா?"

வீரமுத்து யோசித்தான். ஒரு லோரியை முந்தும்வரை யோசித்தான்.

"நீ இல்லாட்டி எனக்கு எதுக்கு லா காரு? மோட்டர் சைக்கிளே போதும்."

அவன் அவ்வளவு சொன்னதே பெரிது என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வளையல் தட்டைச் சரிசெய்துகொண்டாள். இருந்தாலும், சிவசுப்பிரமணியமாக இருந்தால் இதை இன்னும் கொஞ்சம் அழகாகச் சொல்லியிருப்பார் என்ற எண்ணம், சிரம்பான் போய்ச் சேரும்வரை அவளை விடவில்லை.