விஷத்துக்கு ஒரே ஓர் எண்

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி அது. டாக்டர் பார்த்து முடித்ததும் நோயாளியின் கார்டு என் மேசைக்கு வரும். அதில் எழுதியிருக்கும் நோய்க்கு, பட்டியலில் மூன்று இலக்க எண் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷும் தட்டெழுத்தும் நானாகக் கற்றுக்கொண்டவை. பச்சை எழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. 

எண் தேடுவதற்கு முன் ஆட்களிடம் பேச்சுக் கொடுப்பேன். "மண்டைக்குள்ள லோரி ரிவர்ஸ் எடுக்குது அண்ணே" என்பார் சுங்கை சிப்புட் லோரிக்காரர் ஒருவர். "குடல யாரோ துணி பிழியற மாதிரி பிழியறாங்க" என்பார் ஓர் அக்கா. கேட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கம்ப்யூட்டருக்கு அவர் தலைவலி, இவர் வயிற்றுவலி. வேலை அப்படி என்று விட்டுவிடுவேன்.

அப்போதுதான் புல்லு மருந்து அடிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே முளைக்கும் களையைச் சாகடிக்கிற மருந்து. பம்பை முதுகில் கட்டிக்கொண்டு காலையிலிருந்து அடிப்பாள். பம்பு ஒழுகி முதுகு வெந்திருந்தது. விரல் நகங்கள் மஞ்சளாகி, இரண்டு கழன்றே போயிருந்தன. கிட்டே வந்தாலே மருந்து வாடை.

"தொண்டையிலேருந்து வயிறு வரைக்கும் மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி இருக்கு அண்ணே."

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மருந்தால் வந்த நோய் என்று ஆஸ்பத்திரித் தாள் சொன்னால், தோட்ட மேனேஜர் துரை அவளை மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுக்கு மாற்றிவிடுவார் என்று தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். துரைக்குப் போகும் தாளைக் கம்ப்யூட்டர்தான் அச்சடிக்கும். நான் தட்டும் எண்ணுக்கு நேரே என்ன வார்த்தை இருக்கிறதோ அதுதான் தாளில் விழும்.

டாக்டர் கார்டில் விஷம் என்றே எழுதியிருந்தார். பட்டியலைப் புரட்டினேன். புல்லு மருந்து விஷத்துக்கு ஒரே ஓர் எண் இருந்தது. அது மருந்தைக் குடித்துச் சாகப் பார்த்தவர்களுக்கு. அடிப்பவர்களுக்கு எண்ணே இல்லை.

பதிவறைத் தலைவரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இஸ்திரி கலையாத சட்டை.

"ஐசே, அவ குடிச்சவளோ?"

"இல்ல சார், அடிக்கிறவங்க."

"அப்ப அந்த எண்ணைப் போடாதையும். போலீஸ் கேசாப் போயிடும். கையில புண்தானே? தோல் புண் எண்டு போடும்."

"டாக்டர் விஷம்னு எழுதியிருக்காரு சார். புதுசா ஒரு எண் சேர்த்தா என்ன?"

"தோட்டக் கம்பெனி பார்த்து ஒப்புக்கொண்ட பட்டியல் இது. நீர் என்ன, அவைக்கும் மேலயோ? உம்மட நோட்டுக் கதையளை மிஷினுக்குள்ள தள்ளாதையும்."

திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"அப்போ குடிச்சேன்னே போடுங்க அண்ணே. போலீஸ் வந்தா வரட்டும்லா. அப்பவாச்சும் விஷம்னு ஒத்துக்குவாங்கல்ல?"

 தோல் புண் என்று தட்டினேன். அடுத்தடுத்த வாரங்களில் அவளோடு மருந்து அடிக்கும் மற்ற பெண்களும் வந்தார்கள். எல்லோருக்கும் தோல் புண்தான்.

மாதக் கடைசியில் அவள் மறுபடி வந்து நின்றாள். முதுகில் கட்டு.

"தோல் புண்ணுக்கெல்லாம் வேலை மாத்துனா தோட்டத்தையே மூடணும்னு துரை சொல்லிட்டாராம். ஒரு டப்பா களிம்பு குடுத்தாங்க. நாளைக்கும் பம்புதான்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்தாள். பிரித்து, உள்ளிருந்ததைத் தட்டெழுத்துப் பலகையின் மேல் வைத்தாள். அடியில் சதை காய்ந்து ஒட்டிய ஒரு முழு நகம்.

"இதுக்கு எந்த நம்பர்னு பாத்துப் போட்டுருங்க அண்ணே. எனக்குப் பஸ் வந்துரும்."

அவள் போனதும் தலைவர் வந்தார். "சீச்சீ! என்ன சனங்களப்பா!" செத்த பல்லியைத் தள்ளுவது போல அடிக்கோலால் அதைக் குப்பைக் கூடைக்குள் தள்ளினார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கொண்டுவந்து பலகையை எழுத்து எழுத்தாகத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்று மாதப் பட்டியலை அச்சடித்தது நான்தான். புல்லு மருந்து விஷம் என்ற வரியில் ஒரே ஓர் ஆள். சுங்காய் ஊர்க்காரர், பெண்டாட்டியோடு சண்டை போட்டு ஒரு மடக்குக் குடித்தவர். பிழைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் அவருக்கு இடம் இருந்தது. கீழே தோல் புண் வரிசை தாளின் அடிவரை இறங்கியது. தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். அந்த மிளகாய்ப் பேச்சை முதல் நாளே எழுதி, பேச்சு அழகாக இருக்கிறதென்று கீழே சிவப்புக் கோடு வேறு போட்டு வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த நோட்டில் நான் ஒரு வரியும் எழுதவில்லை.