வாசலோடு நின்ற சேவை

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் மாதர் சங்கம் ஒன்றுக்குத் திடீரென்று ஏழைகள் மேல் பாசம் பொங்கியது. கேரி தீவுத் தோட்டங்களுக்குச் சுகாதாரத் தொண்டர்களைத் தயார் செய்யப் போகிறார்களாம். பாடம் எடுக்க, தோட்டத்து ஜனங்கள் மிஸி என்று சொல்லும் நர்ஸான என்னைக் கூப்பிட்டார்கள். தலைவியம்மாள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றையாவது எட்டிப் பார்த்தவரில்லை. மைக்கைப் பிடித்தால் மட்டும் கண் கலங்கிவிடும்.

ஆள் எடுத்த லட்சணம் அதைவிட மோசம். லயத்துப் பெண்களிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகளின் மனைவிமார்களைப் பொறுக்கி எடுத்தார்கள். டீசன்டாக இருப்பார்களாம். வீட்டு வேலைக்கு வரும் லயத்துப் பெண்ணுக்கு டீ குடிக்கத் தனி கிளாஸ் வைத்திருப்பவள் லயத்துக்குப் போய் என்ன கிழிப்பாள் என்று கேட்டேன். எனக்குப் பொறாமை என்றார் தலைவியம்மாள்.

பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகும் என்று தோட்டத்துத் தாய்மார்களுக்குப் பயம். அதனால் உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் கோப்பையிலேயே கலக்கி, முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். எல்லாரும் அழகாகத் தலையாட்டினார்கள். சான்றிதழும் வாங்கிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒரு கிராணியம்மாவின் தோட்டத்தில் கைக்குழந்தை ஒன்றுக்குப் பேதி. கஞ்சி போட்ட புடவை கசங்காமல் போனவர் வாசற்படி ஏறவில்லை. வெளியே நின்றபடியே தாயைக் கலக்கச் சொன்னார். அவள் தயங்கி, நீங்க முதல்ல குடிங்க என்று கோப்பையை நீட்டியிருக்கிறாள். அம்மாள் பின்னால் நகர்ந்துகொண்டு, பிள்ளைக்குக் கொடு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான் தோட்டத்துக்குப் போனபோது குழந்தையின் கண்கள் குழிவிழுந்து கிடந்தன. தோட்டத்து லோரியில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியிலேயே என் மடியில் அடங்கிவிட்டது.

சங்கக் கூட்டத்தில் கிராணியம்மா கூசாமல் பேசினார். தான் சொல்லிக் கொடுத்தாராம், அவள்தான் கேட்கவில்லையாம், இந்த ஜனங்களே இப்படித்தானாம். தலைவியம்மாளும் ஆமாம் போட்டார். குழந்தையை அடக்கம் செய்த அன்று அந்தத் தாய் என்னிடம் சொன்னதை நான் எழுந்து நின்று அப்படியே சொன்னேன்.

"அவங்க வாயில வைக்க அருவருத்ததை என் புள்ள வாயில எப்படி மிஸி ஊத்துவேன்?"

பிறகு தலைவியம்மாள் டீ கொண்டுவரச் சொன்னார்.