ஆடியில் உப்பை விட்டவள்

என் காண்ட்ராக்ட் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அந்த ஆடி முழுக்க என் மனைவி உப்பை விட்டிருந்தாள். அம்மனுக்கு வேண்டுதல், ஆடிக் கடைசி வெள்ளி வரைக்கும். கூழில்கூட ஒரு கல் உப்பு போட மாட்டாள். சுங்குவார்சத்திரத்தில் எங்களுக்கு ஒற்றை அறைதான். அதில் எனக்கு மட்டும் தனிச்சட்டியில் உப்புப் போட்டுச் சமைப்பாள்.

கடைசி வெள்ளிக்குச் சில நாள் முன்பு அவளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஷிஃப்ட் முடிந்து காலையில் நான் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெம்பு வரட்டுமே என்று தண்ணீரில் கைநிறைய சர்க்கரை போட்டுக் கரைத்துக் கொடுத்தேன். குடித்ததைவிட அதிகமாகப் போயிற்று. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அப்படியே. கண் குழிவிழுந்துவிட்டது.

"பயமா கீதுங்க" என்று அழுதாள். முகம்தான் அழுதது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

தாயே, வேலை போனால் போகட்டும், இவளை விட்டுவிடு என்று சாமி படத்தின் முன் முட்டிக்கொண்டேன். பிறகு பக்கத்துத் தெரு நர்ஸம்மாவைக் கூட்டிவர ஓடினேன்.

அவர் வந்ததும் அவள் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. "ஒடம்புல தண்ணியே இல்ல" என்று உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அப்புறம்தான் தம்ளர் அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையைப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது, பாயசமா? இவ்ளோ சர்க்கரை ஒடம்புல கீற தண்ணியையும் கொடலுக்கு இழுத்து வெளிய தள்ளிடும். உப்பு எங்க?"

வேண்டுதலைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். பையிலிருந்த உப்புச் சர்க்கரைப் பொடியைத் தண்ணீரில் கரைத்தபடியே சொன்னார்:

"கொடலு உள்சுவரு பூரா கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க. ஒவ்வொண்ணையும் மெல்லிசா ஒரு தோலு மூடிகினு கீது, அதுல வாசலு கீது. உங்க கம்பெனி கேட்டைவிட கறாரு. சர்க்கரை தனியா வந்தா வுடாது. உப்பும் கூட வரணும். ரெண்டும் சேந்து போனாதான் பின்னாடியே தண்ணி போவும்."

மனைவி வாயை இறுக்கிக்கொண்டாள். "வேணாங்க்கா. ஆத்தாளுக்குக் குடுத்த வாக்கு. வெள்ளிக்கெழம வரைக்கும்தான்."

"வெள்ளிக்கெழம நீ இருக்கணுமேம்மா!"

ஆம்புலன்ஸ் வண்டியை இன்னும் காணோம். கற்பூரம் ஏற்றி, அவள் காதில் விழும்படி கத்தினேன்: "தாயே, இவ வேண்டுதலை நான் வாங்கிக்கிறேன். இவளுக்குப் பதிலா அடுத்த ஆடி வரைக்கும் எனக்கு உப்பு வேணாம்!"

அவள் என்னையே பார்த்தாள். "உப்பில்லாம உங்களுக்கு ஒரு வாய் எறங்காதே."

"எறங்கும். நீ குடி."

வாயைத் திறந்தாள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். முதலில் வாந்தி எடுத்தாள். "பரவால்ல, கொஞ்சம் நிறுத்திக் குடுங்க" என்றார் நர்ஸம்மா. வண்டியிலும் கொடுத்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். அப்போதும் நான் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. அம்மன் பெயரைச் சொல்லிச் சொல்லி நாக்கு உலர்ந்துபோனது.

சாயங்காலம் அவள் மெதுவாகத் திரும்பினாள். "வாக்கு தவறிட்டேனே, ஆத்தா கோச்சிக்குவாளாங்க?" என்று உதட்டைக் கடித்தாள்.

காலையில் ஒரு சொட்டும் வராத கண்ணிலிருந்து அவள் கன்னத்தில் ஈரம் இறங்கியது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.