பிறந்தநாள் இல்லாத வீட்டில் கேக்

என் கணவர் கொரியாக்காரர். கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டு கவரைப்பேட்டையிலேயே தங்கிவிட்டார்.

ஒரு வாரமாக அவரும் எங்கள் பதிமூன்று வயது மகளும் கொரிய மொழியில் குசுகுசுத்தார்கள். நான் வந்தால் வாயை மூடிக்கொண்டார்கள். குடித்த டம்ளரைக்கூடக் கழுவாத மகள் தன் துணியைத் தானே துவைத்தாள். என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் கொரியாவுக்குக் கிளம்பப் பார்க்கிறார்களோ? பாஸ்போர்ட்டுகளை எடுத்து என் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அப்புறம் குப்பைக்கூடையில் கேக் டப்பா கிடந்தது. வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை. டப்பாவை மகள் முன்னால் போட்டேன்.

"இன்னாடி இது?"

"நான் பெரிய பொண்ணாயிட்டேன்மா. போன வாரம். அப்பா ஊர்ல அதுக்கு கேக் வெட்டுவாங்களாம். வாங்கினு வந்தாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்றவள் குத்துக்கல்லாக இருக்கும்போது அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்!

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ மாமாவுக்குச் சொல்லுவ. மாமா என் போட்டோ போட்டு பேனர் வெப்பாரு, மைக் செட் கட்டுவாரு. ஸ்கூல் பசங்க எல்லாம் இந்தத் தெரு வழியாத்தான் போறாங்க."

"ஊரைக் கூட்டுறவளாடி நானு?" என்று கத்தினேன்.

எப்போது எடுத்தேன், எப்போது அழுத்தினேன் என்று தெரியவில்லை. என் கையிலிருந்த செல்போனில் அண்ணன் குரல் கேட்டது.

"சொல்லும்மா, இன்னா விஷயம்?"