பட்டியலில் எழுதாத ஒரு பிடி சோறு

நாய்க்கு என்ன சாப்பாடு போடுவது என்று யோசித்தே எனக்கு ஒரு வருடம் போய்விட்டது. எனக்கு என்ன சமைப்பது என்று அதில் பத்தில் ஒரு பங்குகூட யோசித்திருக்க மாட்டேன். காலையில் ஒரு ரசம் வைத்தால் அது இரவு வரை ஓடும். அதற்கு மேல் என்னைப் பற்றி நான் அலட்டிக்கொள்வதில்லை.

நாய் என்னுடையதல்ல, என் மனைவியுடையது. ஒன்பது வருடத்துக்கு முன்பு குத்தாலம் கடைத்தெருவுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவள், கத்தரிக்காய்க்கு நடுவே ஒரு செவலைக் குட்டியை வைத்துப் பையோடு கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொன்னேன். என் பேச்சு அந்த வீட்டில் எடுபடாது என்பது குட்டிக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவள் அதற்கு ஒரு பெயர் வைத்தாள். நான் 'ஏய்' என்று கூப்பிடுவேன். இரண்டுக்கும் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "ஏங்க, நாயப் பாத்துக்குங்க. ஒங்களுக்குப் பசிக்கலன்னா அதுக்கும் பசிக்காதுன்னு நெனச்சுடாதீங்க." சரி என்றேன். முப்பத்தொரு வருடத்தில் நான் அவளுக்குக் கொடுத்த வாக்குகளில் எதையும் சரியாகக் காப்பாற்றியதாக நினைவில்லை. இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் போன ஆறாவது மாதம் நாய் சொறிய ஆரம்பித்தது. அக்குள் சிவந்தது. வயிற்றில் முடி கொட்டியது. காதிலிருந்து புளித்த மாவு வாடை வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை சொறிகிறது என்று எண்ண ஆரம்பித்து, எண்ணுவது எனக்கே பைத்தியமாகப்பட்டதால் விட்டுவிட்டேன். கால்நடை மருந்தகத்துக்கு ஆட்டோவில் ஏற்றிப் போனேன். சினை ஊசி போட வந்த மாடுகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் நடுவே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். உண்ணி பார்த்தார், தோலைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், ஊசி போட்டார். நான்கைந்து தடவை போய்வந்த பிறகு, "சாப்பாடு ஏதாவது ஒத்துக்காம இருக்கலாம் சார்" என்றார்.

"இருக்கலாமா, இருக்கா?"

"இருக்கலாம்னுதான் சார் சொல்ல முடியும். மாத்திப் பாத்தாதான் தெரியும்."

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தவன். ஈரப்பதம் அதிகமா இல்லையா என்று கருவியில் முள் காட்டிவிடும். மூட்டை உள்ளே போகும், அல்லது களத்துக்குத் திரும்பிப் போகும். 'இருக்கலாம்' என்று யாரும் என்னிடம் ஒரு நெல்லைக் கொண்டுவந்ததில்லை.

அதுவரை நாய் சாப்பிட்டது தயிர் சோறும், கடையில் விற்கும் பாக்கெட் தீனியும். எங்கள் வீடு சைவம். அந்தப் பாக்கெட்டில் இருப்பது கோழி என்று என் மனைவிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள். "பாத்தா வறுத்த கடலை மாதிரிதானே இருக்கு" என்று சொல்லி டப்பாவில் கொட்டிவிட்டு, பின்பக்க எழுத்தைப் படிக்காமல் பையைத் தூக்கிப் போட்டுவிடுவாள். அவள் மனசாட்சி அப்படித்தான் வேலை செய்யும்.

நான் படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, அது போதாமல் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படித்தேன். ஆட்டுக்கறி என்று முன்னால் பெரிதாக எழுதியிருந்த பையில் பின்னால் சின்னதாகக் கோழிக் கொழுப்பு இருந்தது. மீன் என்று போட்டதில் முட்டைப் பொடி இருந்தது. கும்பகோணம் கடைக்காரர் ஒரு பையை எடுத்துக் கொடுத்து, "இதுல தானியமே கெடையாது சார், அதனாலதான் வெல ஜாஸ்தி" என்றார். சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல் நிற்கிற ஊரில், நெல் இல்லை என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போனது. அடுத்த பையைச் சாப்பிட்டது, ஆனால் இன்னும் அதிகமாகச் சொறிந்தது.

கடைசியில் டாக்டர், "பாக்கெட்டே வேணாம் சார். வீட்லயே செஞ்சு போடுங்க. அது இதுவரைக்கும் சாப்பிடாத ரெண்டே பொருள். ஒரு மீன், ஒரு கிழங்கு. எட்டு வாரம். வேற ஒண்ணும் வாயில போகக் கூடாது, ஒரு பிஸ்கட் கூட" என்றார்.

"சோறு?"

"சோறும் வேணாம் சார்."

என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. சோறு ஒத்துக்கொள்ளாத ஒரு உயிர் இந்தக் காவிரித் தண்ணீரில் பிறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்கள் வீட்டில் மீன் சமைத்ததில்லை. கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒற்றை அடுப்பு ஒன்றை வைத்தேன். பழைய குக்கர் ஒன்றை அதற்கென்று ஒதுக்கினேன். காலையில் நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி மொபெட்டில் வருகிறவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்ப் பழகியவர். நான் கை காட்டியதும் வண்டியை நிறுத்தி, வழி கேட்கிறேன் என்று நினைத்து வழி சொல்ல ஆரம்பித்தார்.

மத்தி வாங்கினேன். வாங்கிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு பெண் தன் பிள்ளைகளோடு இருக்கிறாள். கணவர் சவுதியில். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுச் சமையல் வாசம் வந்தால் என் மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டு, சாயங்காலம் அதே பெண்ணோடு மதில்மேல் கை ஊன்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பாள். அவளைத்தான் கூப்பிட்டேன். மீனை வாங்கிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணி இருந்தா ஒங்கள வீட்டுக்குள்ள விட மாட்டாங்கண்ணே."

"அண்ணி சொல்லித்தாம்மா இதெல்லாம்."

அவள் மீன் ஆய்ந்து கொடுத்தாள். உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல், முள் மாவாகிற வரைக்கும் குக்கரில் விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவள் நாயைத் தொட மாட்டாள். அது பக்கத்தில் வந்தால் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். ஆனால் ஆறு வாரம், ஒரு நாள் தவறாமல், அதற்கு மீன் ஆய்ந்தது அவள்தான். வள்ளிக்கிழங்குக்காக நான் வாரம் இரண்டு தடவை கும்பகோணம் மார்க்கெட்டுக்குப் போய்வந்தேன். முழங்கால் வலிக்கு அந்த டவுன் பஸ் படிக்கட்டு மட்டும் போதும்.

ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். தேதி, மத்தி எவ்வளவு, கிழங்கு எவ்வளவு, எங்கே சொறிந்தது, காது எப்படி இருக்கிறது. ஆறாவது வாரம் டாக்டரிடம் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாயின் வயிறு சிவந்தபடியேதான் இருந்தது.

"இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிட்டு வந்ததில்ல சார். வேற எதுவும் குடுக்கலையே?"

"ஒண்ணும் குடுக்கல."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே கூப்பிட்டாள். "அண்ணே, தப்பா நெனக்காதீங்க. மத்தியானம் ஒங்க நாய் மதிலுக்குக் கீழ வந்து நிக்குதே, பாத்திருக்கீங்களா?"

"நெழலுக்கு நிக்கும்."

"நெழலுக்கு இல்லண்ணே. காக்கா தட்டி விடுற சோத்தத் திங்குது. தெனமும் திங்குது."

மத்தியானம் நான் சாப்பிட உட்காரும் முன்பு மதில்மேல் ஒரு பிடி சோறு வைப்பேன். பருப்பும் நெய்யும், ஓரத்தில் கொஞ்சம் தயிரும். செத்தவர்கள் காக்கையாக வந்து சாப்பிடுவார்கள் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் மனைவிதான் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வைக்க நான்தான் இருக்கிறேன். வைப்பேன், 'கா கா' என்று இரண்டு தடவை கூப்பிடுவேன், உள்ளே வந்துவிடுவேன். நின்று பார்க்க மாட்டேன். பார்த்தால் அது வெறும் காக்கையாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். நாய் எனக்கு முன்பே வந்து மதிலடியில் உட்கார்ந்திருந்தது. இரண்டு காக்கைகள் வந்தன. தின்றதைவிடக் கீழே தள்ளியது அதிகம். பருப்பு, நெய், தயிர், சோறு. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன எல்லாம் ஒரே இடத்தில் மேலேயிருந்து விழுந்தது. நாய் தரையை நக்கி முடித்துவிட்டு மதில் சுவரையும் நக்கியது.

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. நாயை 'ஏய்' என்று அதட்டினேன். அது வாலை ஆட்டியது. உள்ளே வந்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். வேலையில் இருந்த காலத்தில் ஒரு மூட்டை விடாமல் பட்டியல் எழுதினவன், தினமும் என் கையால் வைத்த ஒரு பிடி சோற்றை எழுதவே இல்லை. மறைத்ததல்ல. அது நாய்க்குப் போட்ட சோறு இல்லை, அவளுக்கு வைத்தது. அதை நாய்த் தீனி நோட்டில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் வைப்பாங்க சார்" என்றார். பிறகு, "இந்த ஆறு வாரம் சேத்தி இல்ல. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இந்தத் தடவையும் சரியா வரலன்னா கடைசி வரைக்கும் மாத்திரைதான். இந்த வயசுக்கு அது ரொம்ப நாள் தாங்காது" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் படத்துக்கு முன்னால் நின்றேன். "எட்டு வாரம் பொறுத்துக்க. ஒன் நாய்க்காகத்தான்" என்றேன். தனியாக இருக்கிறவன் படத்தோடு பேசுவது எனக்குப் பிடிக்காது, அசிங்கமாக இருந்தது. மத்தியானம் காக்கைகள் வந்து மதிலில் உட்கார்ந்து கத்தின. அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன். நான்கு நாள் கத்திவிட்டு ஐந்தாம் நாள் வரவில்லை. அது கத்தலைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுபடி மத்தி, மறுபடி கிழங்கு, மறுபடி அந்த டவுன் பஸ். மூன்றாம் வாரம் காது வாடை நின்றது. நான்காம் வாரம் வயிற்றில் பூனைமுடி மாதிரி மெல்லிசாக முளைத்தது. ஒரு மத்தியானம் நாய் இரண்டு மணி நேரம் ஒரு தடவைகூடச் சொறியாமல் தூங்கியது. பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு நானும் தூங்கிவிட்டேன்.

ஐந்தாம் வாரத்தில் அவளுடைய திதி வந்தது.

திதியன்று காக்கைக்கு வைக்காமல் இருக்க முடியாது. அந்த அளவுக்கு எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குக் கொல்லையிலும் மீன் வேகக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். காலையில் நான் காவிரியில் முழுகிவிட்டு, சாஸ்திரிகள் சொன்னதைச் சொல்லித் தண்ணீர் விட்டுவிட்டு வரும்போது, நாய்க்கு வேகவைத்த மீனோடு மூடிய தூக்கு ஒன்று மதில்மேல் இருந்தது. "உப்பு போடலண்ணே" என்று அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

நாயை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். வாழைக்காய், பருப்பு, வடை, பாயசம், எனக்குத் தெரிந்த அளவுக்குச் சமைத்தேன். இலை நறுக்கில் சோறு வைத்து, நெய் விட்டு, தயிரும் வைத்து, மதிலில் வைத்துக் கூப்பிட்டேன். வருமா என்று சந்தேகமாக இருந்தது. ஐந்து வாரம் பட்டினி போட்டவன் கூப்பிட்டால் யார்தான் வருவார்கள். அரை மணி நேரம் நின்றேன். வந்தது. ஒன்றுதான் வந்தது. இந்தத் தடவை உள்ளே போகாமல் நின்று பார்த்தேன். வடையைத் தூக்கிக்கொண்டது. சோற்றைக் கொத்திக் கொத்திப் பாதியைக் கீழே தள்ளிவிட்டுப் பறந்துபோனது.

உள்ளே நாய் கதவைப் பிறாண்டியது. கீழே அத்தனையும் கிடக்கும்போது எப்படித் திறப்பது. துடைப்பத்தால் கூட்டினேன். முதல் நாள் பெய்த மழையில் மண் ஈரமாக இருந்தது. தயிரும் சோறும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு, முழங்காலை எப்படியோ மடக்கி உட்கார்ந்து, ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினேன். மாடியிலிருந்து அந்தப் பெண், "நான் வரட்டுமாண்ணே?" என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

முப்பத்தொரு வருடம் அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல்லும் நெல்லும் பொறுக்கினாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன். ஊர் நெல்லையெல்லாம் கையில் அள்ளிப் பார்த்தவன், வீட்டில் ஒரு நாள்கூட அந்த முறத்தை வாங்கியதில்லை. மண்ணில் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகத்துக்கு வந்தது. அழுதேன். அழுதுகொண்டே பொறுக்கினேன், ஏனென்றால் ஒன்றை விட்டாலும் மறுபடி முதல் வாரம்.

கையைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தேன். நாய் நேராக மதிலடிக்கு ஓடியது. மண்ணை முகர்ந்தது, சுவரை முகர்ந்தது, நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் முகர்ந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தது.

"அவ சாப்பிட்டாச்சு" என்றேன். "நமக்கு உள்ள இருக்கு, வா."