செம்பட்டைக்காரிக்கு நான் கொடுத்த அண்ணன்

போன மாதம் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கவென்று போய், பல் வைத்தியரின் வாசலில் காத்திருந்தேன். கராம்பு எண்ணெய் மணம். சுவரில் ரீவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஆங்கிலப் படம். மேசையில் மா பிசைந்துகொண்டிருந்த ஒரு நரைத்த கிழவி, சட்டென்று கழுத்தை வெட்டிக் கதவுப்பக்கம் திரும்பினாள்.

"பொறுங்கோ, வாறன். கதவை உடைச்சுப்போடாதையுங்கோ!"

சொன்னது அவளல்ல, நான். அதுவும் பெண்குரலில். பக்கத்துக் கதிரையில் போனைத் தடவிக்கொண்டிருந்த பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கன்னம் வீங்கிய கிழவன் ஒருவன் திடீரென்று பெண்குரலில் பேசினால் அவளும்தான் என்ன செய்வாள்?

விஷயம் இதுதான்: ரீவியில் வந்த கிழவி ஓர் ஐரிஷ் நடிகை; யுத்த காலத்தில் அவளுக்குத் திருகோணமலையில் தமிழ்க்குரல் நான்தான். அவளுக்கு இது கடைசிவரை தெரியாது. அந்தக் குரலால் ஒருமுறை என் சிநேகிதன் யோகனின் உயிர் ஊசலாடியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தக் கராம்பு மணம் என்னை நேரே பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கசற் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வீடியோ கசற்றுகளில் பூச்சி பிடிக்காதென்று எங்கள் முதலாளி பெட்டிக்குப் பெட்டி கராம்பு போட்டு வைப்பார். பூச்சி பிடிக்கத்தான் செய்தது, ஆனால் வாசமாகப் பிடித்தது. யோகனும் நானும் அங்கே வேலை. அவன் வெருகல் பக்கத்துக் கடற்கரைப் பொடியன். லிங்கநகரில் என்னோடு ஒரே அறையில் இருந்தான்.

ஒருநாள் கோதுமைக் கப்பலில் வந்த மாலுமி ஒருவன் ஒரு பெட்டி கசற்றைக் கொண்டுவந்து, சாராயத்துக்கு மாற்றிவிட்டுப் போனான். திறந்தால் எல்லாம் ஒரே நடிகையின் படங்கள். பாவம், அவனுக்கு என்ன காதல் தோல்வியோ! அடியில் அவளுடைய வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஒரு சினிமாச் சஞ்சிகையும் கிடந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்து, அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். உண்மையான பரீட்சைக்கு அப்படிப் படித்திருந்தால் நான் கசற் கடைக்கே வந்திருக்கமாட்டேன்.

பகலிலும் ஊரடங்கு போட்ட காலம். வெளியே பூட்ஸ் சத்தம் போய்வரும். உள்ளே, எங்கள் அறைக்குப் பக்கத்துப் பூமணியக்கா வீட்டு விறாந்தையில் ஒழுங்கைச் சனம் முழுவதும் குந்தியிருக்கும். தமிழ்ப் படங்களெல்லாம் வசனம் மனப்பாடமாகித் தேய்ந்துவிட்டதால் செம்பட்டைக்காரியின் படங்களைப் போட்டோம். அவளுடைய பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை; தலைமுடிதான் பெயராயிற்று. ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் ஓடாது. எனக்கு மட்டும் ஓடும் என்று நான் எல்லோரையும் நம்பவைத்திருந்தேன். ரீவிக்குப் பக்கத்தில் நின்று, படத்தில் வரும் எல்லாருக்குமாகவும் நானே தமிழில் பேசினேன்.

ஒரு படத்தில் அவள் கிராமத்துப் பெண். சண்டையில் வீடு எரிந்து, புருஷனும் செத்துப்போகிறான். கடைசியில் எதிர்ப்படைச் சிப்பாய் ஒருவனைக் காதலித்து அவனோடு கப்பலேறுகிறாள். இதை எப்படிச் சொல்வது? வாசலில் ஆமி போய்வருகிற ஒழுங்கையில், தாய்மாரையும் குமர்ப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு?

"ஆரடா தம்பி உந்தச் சிப்பாய்?" என்று பூமணியக்கா கேட்டா.

"அண்ணன், அக்கா. சின்ன வயசில துலைஞ்சு போனவர்."

முத்தமிடும் இடத்தில் வீடியோ டெக்கின் வயரைச் சரிசெய்வதுபோல ரீவியை மறைத்துக்கொண்டு நின்றேன். கப்பலில் இருவரும் கட்டிப்பிடித்தபோது விறாந்தை முழுக்க அழுதது. யோகன் கட்டியிருந்த சாரத்தால் மூக்கைத் துடைத்தான்.

ஊரடங்கு எடுத்த காலை, அந்தக் கசற்றைக் கடையில் கொடுக்கப் புறப்பட்டோம். யோகன் சைக்கிளை மிதிக்க, நான் கரியரில். பை அவனுடையது. துறைமுகத்துக்கு இறங்கும் வளைவிலிருந்த ஆமிக் காவல் சென்றியில் மறித்தார்கள். என் அடையாள அட்டையில் நகரம் இருந்தது. அவனுடையதில், இயக்கம் நடமாடும் பக்கமென்று அவர்கள் சந்தேகித்த வெருகல் இருந்தது. பையிலிருந்து கசற்றை வெளியே எடுத்தார்கள். அட்டைப்படத்தில் எரிகிற வீட்டுக்கு முன்னால், கையில் துவக்கோடு செம்பட்டைக்காரி.

"இவள் ஆர்? எந்த இயக்கம்?"

கேட்ட அதிகாரி நல்ல தமிழ் பேசினார். அதுதான் வினை. அரைகுறைத் தமிழென்றால் விளங்காததுபோல நடிக்கலாம். இவரிடம் அதுவும் ஏலாது.

"நடிகை, சேர். இது படம்."

யோகனைத் தகரக் கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். என்னைத் தார்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் வெயிலில் நிறுத்தினார்கள். றோட்டோரத்தில் ஒரு லொறி எஞ்சின் நிறுத்தாமல் நின்றது. அதில் தலையைக் குனிந்தபடி சில பொடியன்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட லொறிகளில் ஏறியவர்களில் எல்லோரும் திரும்பி வந்ததில்லை.

அதிகாரி கொட்டிலுக்குள் போய்விட்டு வந்தார்.

"படமெண்டால் கதை இருக்கும். அவன் சொல்லிட்டான். இப்ப நீ சொல்லு. ரெண்டு கதையும் ஒண்டெண்டாப் போகலாம். இல்லாட்டி அவன் லொறியில."

பயத்தில் நான் படக்கதையை விட்டுவிட்டு, சஞ்சிகையில் படித்த நடிகையின் பிறப்பிலிருந்து தொடங்கினேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பேக்கரிக்காரர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவள். தலைநகரத்துக்குப் போய், பகலில் தேநீர்க் கடையிலும் மாலையில் நாடக மேடையிலும் நின்றவள். லண்டன் போனாள், அமெரிக்கா போனாள். பெயரை மாற்றச் சொன்னதற்கு மாட்டேனென்றாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் செம்பட்டை முடி கறுப்பாகத் தெரிந்ததால், கலர் வரும்வரை அவளை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ராணி, விதவை, கலகக்காரி. முகத்தில் முதல் சுருக்கம் விழுந்ததும் தன் வயதுக் கதாநாயகர்களுக்கே தாயாக நடிக்கச் சொன்னார்கள். கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, தகப்பனின் அடுப்பில் பாண் போட்டாள்.

"பாண் கதை போதும்," என்றார். "படத்தில கடைசியா ஒரு சிப்பாய் வாறான். அவன் இவளுக்கு ஆர்?"

வீதியோரத்தில், ஊருக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று சீமெந்துப் பேப்பரைச் சப்பிக்கொண்டு நின்றது. நான் அதையே பார்த்தேன். காதலன் என்பது உண்மை. ஆனால் யோகன்? அவன் தன் கண்ணைவிட என் வாயை நம்புகிறவன்.

"அண்ணன், சேர்."

அவர் கசற்றின் அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்து ஆங்கிலத்தை ஆறுதலாக வாசித்தார்.

"காதலன் எண்டு இதில கிடக்கு. ரெண்டு பேரும் கதைச்சு வைச்சு ஒரே பொய்யைச் சொல்றியளோ?"

லொறியின் எஞ்சின் சத்தம் என் காதுக்குள் வந்துவிட்டது.

"பொய் என்ர, சேர். அவனுக்கு அது உண்மை," என்றேன். பூமணியக்காவின் விறாந்தை, குமர்ப்பிள்ளைகள், டெக் வயர், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"செய்து காட்டு."

"என்ன, சேர்?"

"அந்தக் கப்பல் கட்டத்தை. அவளின்ர குரலில."

செய்தேன். வேறென்ன செய்ய! தார்ப் பீப்பாவைக் கப்பலின் கம்பியாக நினைத்துப் பிடித்துக்கொண்டு, துவக்குகளுக்கு நடுவே, "அண்ணா, இவ்வளவு காலமும் எங்கையண்ணா போனியள்?" என்று கதறினேன். குரல் நடுங்கியதில் நடிப்பே இல்லை. தமிழ் தெரியாத ஒரு சிப்பாய்தான் முதலில் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. கசற்றைத் தன் கதிரையில் வைத்தார்.

"இது இங்க கிடக்கட்டும். நான் பாக்கிறன். ரெண்டு பேரும் போங்கோ."

யோகன் ஒற்றைச் செருப்போடு வந்தான். மற்றதைத் தேட ஒருவருக்கும் துணிவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தோம். வளைவு தாண்டியதும் அவன் நின்றான். தகரத்துக்குப் பின்னால் எல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"அப்ப அவன் அண்ணன் இல்லையோ?"

"இல்லை மச்சான்."

"நீ வந்து மறைச்சுக்கொண்டு நிண்டது அதுக்கோ?"

"ஓம்."

"நாயே! நான் அழுதனான்ரா."

றோட்டில் நின்று சிரித்தோம். நிறுத்த முடியாமல் சிரித்தோம்.

பிறகு ஒருநாள் யோகன் தாயைப் பார்க்க வெருகலுக்குப் புறப்பட்டான். தாய் வீட்டுக்கும் அவன் போய்ச் சேரவில்லை, எங்கள் அறைக்கும் திரும்பவில்லை. அந்த வழியில் யாராவது அவனிடம் கதை கேட்டார்களா என்று தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்; ஒரு சொல் பிசகாமல் நான் சொன்னபடியே சொல்லியிருப்பான். பூமணியக்கா குடும்பம் கடல் கடந்துவிட்டது. கசற் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். சென்றி நின்ற வளைவில் மான்கள் மட்டும் இன்னும் பேப்பர் தின்கின்றன.

ரீவியில் கிழவி மாக் கையோடு போய்க் கதவைத் திறந்தாள். வெளியே தொப்பி போட்ட ஒரு கிழவன். அவள் அவன் நெஞ்சில் தலையைச் சாய்த்தாள்.

"அங்கிள், உங்களுக்கு இந்தப் படம் தெரியுமோ?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். "அது ஆர், அவவின்ர புருசனோ?"

அந்தப் படத்தை நான் அதற்கு முன் பார்த்ததேயில்லை; கிழவியான பிறகு அவள் மறுபடி நடிக்க வந்ததையே அன்றுதான் கண்டேன்.

"இல்லைப் பிள்ளை, அண்ணன்," என்றேன். "கனகாலமாக் காணாமல் போயிருந்தவர். இப்பத்தான் வாறார்."