வெள்ளாயணிச் சேற்றில் ஐந்து கிலோமீட்டர்

சனிக்கிழமை மாலை நாலேகாலுக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர்தான். வழி முழுக்க இடது முட்டியைத் தடவிக்கொண்டே வந்தேன். போன வருஷம் மாரத்தானில் தார்ச்சாலையில் விழுந்து, தசைநார் அறுந்து, அறுவைச் சிகிச்சை செய்த முட்டி. ஓடலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. விழுந்துவிடுவேனோ என்ற பயம்தான் போகவில்லை. மறுநாள் வெள்ளாயணியில் நடக்கும் ஓட்டப்போட்டியும் முடியாவிட்டால் ஓட்டத்துக்கே கும்பிடு போட்டுவிடுவதாக இருந்தேன்.

"விழுந்து கிழுந்து வச்சிராத, கேட்டியா?" என்று ரயிலேற்றும்போது என் வீட்டுக்காரர் மூன்று முறை சொன்னார்.

போட்டியில் மூன்று வகை ஓட்டம் இருந்தது: வயல் சேற்றில் ஐந்து கிலோமீட்டர்; சுவர் ஏறி, கயிறு பிடித்துப் பத்து; மலைப்பாதையில் இருபத்தொன்று. என் பழைய ஜம்பத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ஐந்துக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கட்டியிருந்தேன்.

ஐந்து மணிக்குச் சாலை பஜாருக்கு நடந்தேன். ஷூவைச் சேறு பிடுங்காமல் கட்ட டேப் கேட்டதும் இரும்புக்கடைக்காரர் சிரித்தார். "டேப்பு நிக்காதுக்கா. சைக்கிள் டியூப வெட்டித் தாரேன், அது பிடிக்கும் கேட்டோ." முப்பது ரூபாய்.

ஞாயிறு காலை ஆறு மணி. தங்கியிருந்த தம்பானூரிலிருந்து வெள்ளாயணிக்குப் பத்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முந்நூறு. ஓட்டுநர் தென்காசிக்காரர். "காசு கட்டியா சேத்துல எறங்குதீங்க? எங்க ஊர்ல எறங்கினா கூலி குடுப்போம்!" என்றார்.

ஏழு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. வரப்பை யாரும் மிதிக்கக் கூடாது என்பது வயல்காரரின் நிபந்தனை. இருநூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், இடது கால் முட்டிவரை புதைந்துவிட்டது. இழுத்தால் எங்கே முறுக்கிக்கொள்ளுமோ என்று மரம்போல் நின்றேன். ஏறக்குறைய எல்லாரும் தாண்டிப் போனார்கள். வெட்கத்தை விட்டு அழுதேன்.

பின்னால் ஒருவர் தத்தித் தத்தி வந்தார். வலியசாலை அக்ரகாரத்துக்காரர், அரசு அலுவலகத்தில் வேலை என்று பிறகு தெரிந்தது. தலைமுதல் கால்வரை சேறு.

"மாட்டிண்டுடுத்தா? இழுக்காதேங்கோ. அப்படியே முன்னாலே விழுந்துடுங்கோ."

"ஐயோ, விழக் கூடாது சார். முட்டி ஆப்பரேஷன்."

"இது ரோடு இல்லையே, மெத்தைன்னா! நான் நாலு வருஷமா விழுந்துண்டிருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டு விழுந்தேன். வாயெல்லாம் சேறு. கால் தானாக மேலே வந்தது. டியூப் கட்டிய ஷூவும் கூடவே வந்தது. வலி வரும் என்று காத்துக் கிடந்தேன். வரவில்லை. அம்மாடி, இவ்வளவுதானா! படுத்தபடியே சிரித்தேன். அதன்பின் புதைந்த இடத்திலெல்லாம் விழுந்து எழுந்தே போனேன். ஒரு மணி நேரம் இருபது நிமிடத்தில் முடித்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது ஆள்.

குழாயடியில் குளித்து, கஞ்சியும் பயறும் இரண்டு தட்டு சாப்பிட்டு, மதிய ரயிலில் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"விழுந்தியா?"

"ஒம்பது தடவ."

"முட்டி?"

"அது அங்கதான் இருக்கு."

நாகர்கோவிலில் அவர் ரயில்பெட்டி வாசலுக்கே வந்து கைநீட்டினார். இத்தனை மாதமாக அந்தக் கையைப் பிடித்துத்தான் படி இறங்கிக்கொண்டிருந்தேன். அதில் ஈரத்துணிப் பையைக் கொடுத்துவிட்டுக் குதித்தேன்.